தெருவிளக்கும் தெருவின் உரிமையும்

தெருவிளக்கு வழி காட்டுவதற்கு மட்டுமே என்று ஐம்பத்தைந்து ஆண்டுகளாக எண்ணியிருந்தோம். அது வண்டிக்குத் தீனியும் போடும் என்பதை 2024ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் லண்டன் மாநகரில்தான் கண்டோம். மகளின் பேறுகாலத்தை முன்னிட்டு நாமும் நம் இல்லாளும் காயல்பட்டினத்திலிருந்து புறப்பட்டுச் சென்று, அந்நகரின் கிழக்குப் பகுதியில் மகளும் மருமகனும் குடியிருக்கும் இல்லத்தில் இரண்டு மாதங்கள் தங்கியிருந்தோம்.

அத்தெருவில் வீடுகள் ஒன்றோடொன்று தோள் சேர்த்து நிற்கின்றன. மோட்டார் வண்டி பெருகாத காலத்தில் கட்டப்பட்டவையாதலால் வண்டிக்கென்று வளவில் இடமில்லை. வாசலைத் திறந்தால் இரண்டு முழ அகலத்தில் ஒரு முற்றம். அதைக் கடந்தால் நடைபாதை. அதன் விளிம்பையொட்டி வண்டிகள் வரிசையாக நிற்கும். மருமகன் வைத்திருந்தது மின்சாரக் கார். முன்பிருந்த பழைய டீசல் வண்டியை ஓட்டினால் நாளொன்றுக்கு 12.50 பவுண்டு புகைக் கட்டணம் செலுத்த வேண்டும். அந்தக் கட்டணம் 2023 ஆகஸ்ட்டில் லண்டன் நகர் முழுமைக்கும் விரிவாக்கப்பட்டது. அதற்கு அஞ்சியே வண்டியை மாற்றியதாக அவர் சொன்னார். ஒரு தொல்லையை விற்று மற்றொன்றை வாங்கியதாகவும் சிரித்துக்கொண்டே சொன்னார்.

மின்சாரக் காருக்குச் சார்ஜ் ஏற்ற வேண்டுமே! வளவில் வண்டி நிறுத்துவோர் சுவரில் ஒரு பெட்டியைப் பொருத்திக்கொண்டு இரவெல்லாம் ஏற்றுகின்றனர். அவ்வசதியில்லாதவர்களுக்குத் தெருவிளக்குக் கம்பமே கதி. அதன் சூட்சுமத்தை மருமகன் விளக்கியபோது மிகவும் வியந்தோம். முன்பு அக்கம்பங்களில் எரிந்த மஞ்சள் நிற சோடியம் விளக்குகள் மிகுந்த மின்சாரத்தைக் குடித்தன. அவற்றை எடுத்துவிட்டு எல்.இ.டி. விளக்குகளை மாட்டிய பின்னர், கம்பத்துக்கு வரும் மின்சாரத்தில் பெரும்பங்கு மிஞ்சிற்று. அந்த மிச்சத்தைக் காருக்குக் கொடுக்கிறார்கள். கம்பத்தின் இடுப்பளவு உயரத்தில், உள்ளங்கை கொள்ளும் ஒரு துளைவாய் இருக்கும். அதனுள் ஏழு சிறு துளைகள். ஜெர்மானியர் வடித்த அவ்வமைப்பே ஐரோப்பா முழுமைக்கும் பொது. கேபிளை நாமேதான் கொண்டுசெல்ல வேண்டும். ஒரு முனையைக் கம்பத்திலும் மறுமுனையைக் காரிலும் செருகி, கம்பத்தில் ஒட்டியிருக்கும் கட்டங்கட்டமான குறியைக் கைபேசிக்குக் காட்டினால் பணக் கணக்குத் திறக்கும்; கேபிளும் களவு போகாதபடி பூட்டிக்கொள்ளும். மணிக்கு ஏறக்குறைய 5 யூனிட் ஏறும். அவருடைய காரின் பேட்டரி 40 யூனிட் கொள்வது. ஆகவே காலியான வண்டி நிறைய எட்டு மணி நேரம், அதாவது ஓர் இரவு. லண்டனின் மேற்கே சதர்லாண்டு அவென்யூ என்னும் சாலையில் 2020இல் இருபத்து நான்கு விளக்குக் கம்பங்களையும் இவ்வாறு மாற்றியமைத்தார்களாம்.

மகளின் தெருவுக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை. அங்கே பெரும்பாலான கம்பங்கள் நடைபாதையின் உட்புறத்தில், வீட்டுச் சுவரையொட்டி நிற்கின்றன. அவற்றிலிருந்து காருக்குக் கேபிள் இழுத்தால் நடப்போர் காலடியில் அல்லவா கிடக்கும்! ஆதலால் விளிம்போரம் நின்ற மூன்று கம்பங்களுக்கே துளைவாய் வைத்திருந்தனர். அந்த மூன்றுக்கும் நாள்தோறும் போட்டி. மருமகன் வேலை முடிந்து இருட்டிய பின் வந்து பார்த்தால், ஒன்றன் முன்னே பெட்ரோல் கார் ஒன்று நிற்கும். அவ்விடம் மின்சார வண்டிக்கென்று கோடு போட்டு ஒதுக்கப்படாததால் அதைக் குற்றம் என்று சொல்ல இயலாது. மற்றொன்றில், நேற்றே நிறைந்துவிட்ட வண்டி இன்றும் கேபிளைக் கழற்றாமல் சாவகாசமாய் நிற்கும். நமதூரில் தெருக்குழாயில் தண்ணீர் வந்த காலத்தில், குடம் நிறைந்ததும் எடுத்துக்கொண்டு அடுத்தவருக்கு வழிவிடாதவரை நம் பெண்கள் என்ன பாடு படுத்துவார்கள் என்பது நினைவுக்கு வந்தது. அந்தக் குழாயடி நியாயம் லண்டன் விளக்குக் கம்பத்தடிக்கு இன்னும் வந்து சேரவில்லை.

விலையிலும் ஓர் ஓரவஞ்சனை கண்டோம். வளவுடையோர் நள்ளிரவுச் சலுகையில் ஒரு யூனிட்டை 10 பென்சுக்கும் குறைவாகப் பெறுகின்றனர். கம்பத்தை நம்பியவர் அதே யூனிட்டுக்கு 50 பென்சளவு கொடுத்தார். நாம் அங்கிருந்தபோது வீட்டு மின்சாரத்துக்கு வரி நூற்றுக்கு 5 ஆகவும், தெருவில் வாங்கும் மின்சாரத்துக்கு 20 ஆகவும் இருந்தது. இடமுள்ளவனுக்குச் சலுகை, இடமில்லாதவனுக்குச் சுமை. இதை எந்தக் கணக்கில் எழுதுவது?

ஓர் இரவு மருமகன் நான்கு தெருக்களைச் சுற்றிவிட்டு, கம்பம் கிடைக்காமல் பத்து மணிக்கு மேல் வீடு திரும்பினார். நல்லவேளையாக வாசலுக்கு நேரே வண்டி நிறுத்த இடம் கிடைத்தது. முன்னறைச் சன்னலைச் சற்றே திறந்து, வீட்டு பிளக்கிலிருந்து கேபிளை முற்றத்தின் வழியே இறக்கி, நடைபாதைக்குக் குறுக்காக இழுத்துக் காரில் செருகினார். கேபிளின் மேல் ஒரு ரப்பர்ப் பட்டையையும் விரித்தார். "எல்லாருந்தான் இப்படிச் செய்றாங்க, மாமா" என்றார். நாம் ஒன்றும் சொல்லவில்லை. குளிருக்குப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு உறங்கினோம் என்பதே உண்மை.

மறுநாள் ஸுப்ஹுத் தொழுகை முடித்துப் பொழுது புலர்ந்த வேளையில், அதே சன்னலருகே தேநீர்க் கோப்பையுடன் அமர்ந்திருந்தோம். வெண்ணிறக் கைத்தடியால் தரையைத் தட்டியவாறு ஒரு முதியவர் வந்தார். பார்வையற்றவர். நாள்தோறும் அந்நேரத்தில் அவ்வழியே செல்பவர் போலும். நடையில் பழக்கம் தெரிந்தது. தடியின் நுனி ரப்பர்ப் பட்டையில் முட்டிற்று. நின்றார். தடியால் அதன் நீளத்தை இப்புறமும் அப்புறமும் அளந்தார். பிறகு சுவரை ஒரு கையால் பற்றி, வாய்க்கால் தாண்டுபவர்போல் காலை மிக உயரத் தூக்கி வைத்துக் கடந்து போனார். அவர் விழவில்லை, முணுமுணுக்கவுமில்லை. நடந்தது அவ்வளவுதான். ஆயினும் கையிலிருந்த தேநீரை நம்மால் பருக முடியவில்லை.

இமாம் நவவி அவர்களின் 'மின்ஹாஜ்' என்னும் ஃபிக்ஹு நூலை நாம் இருபத்தேழு ஆண்டுகளாக மாணவர்களுக்கு ஓதிக்கொடுத்து வருகிறோம். அதில் ஸுல்ஹு பற்றிய பாடத்தில் பொதுவழியைப் பற்றிய மஸ்அலா வருகிறது. நடப்போருக்குத் தீங்கு தரும் எதையும் பொதுவழியில் செய்யலாகாது. வீட்டிலிருந்து வழியின் மேல் நீட்டும் தாழ்வாரம், ஒருவர் நிமிர்ந்து நடக்கும் உயரத்துக்கு மேல் இருக்க வேண்டும். வணிகக் கூட்டம் செல்லும் வழியாயின் ஒட்டகமும் அதன் மேலுள்ள பல்லக்கும் தட்டாமல் போகும் உயரம் வேண்டும் என்பது அதன் கருத்து. ஒட்டகத்தையே கண்டறியாத கடற்கரைப் பிள்ளைகளுக்கு அதன் உயரத்தைக் கையைத் தூக்கிக் காட்டி நடத்திய பாடம் அது. நமதூரில் பெண்கள் போய்வர வீட்டுக்கு வீடு இடம் விட்டு அமைத்த முடுக்குகளையும் அப்பாடத்துக்கு உதாரணமாகச் சொல்வது நம் வழக்கம். தலைக்கு மேல் நீள்வதைப் பற்றி அத்தனை ஆண்டு பேசிய நாம், காலுக்குக் கீழ் நீண்டதைப் பார்த்தும் ஓர் இரவு வாய் திறவாதிருந்தோம். நீட்டியதோ நம் வீட்டுச் சன்னல்.

அன்று மாலை மருமகனிடம் சொன்னோம். அவர் பணிவுள்ள பிள்ளை. ஆனால் கேள்வி கேட்கத் தெரிந்தவர். "கேபிளை எடுத்துடுறேன், மாமா. ஆனா வண்டியிலே சார்ஜ் இல்லாத நேரத்துலே இவளுக்கு வலி எடுத்தா என்ன செய்றது? லரூரத்துக்குக் கிதாபிலே இடம் இருக்குமே?" என்றார். இருக்கிறது. நெருக்கடி, விலக்கப்பட்டதையும் ஆகுமாக்கும். ஆனால் அந்நெருக்கடி வந்துவிட்டதா, வரக்கூடுமென்ற அச்சந்தானா என்பதைப் பார்க்க வேண்டும் என்றோம். வாடகைக் கார் உண்டு, ஆம்புலன்ஸ் உண்டு என்றும் அடுக்கினோம். வண்டி ஓட்டத் தெரியாதவனுக்கு இவ்விதம் விடை சொல்வது எளிது என்பதை ஒப்புக்கொள்கிறோம். அவர் கேபிளைச் சுருட்டி வைத்துவிட்டார். நடைபாதையில் ஒரு பள்ளக்கோடு வெட்டி, கேபிளை உள்ளே வைத்து மூடிக்கொள்ளும் ஏற்பாடு சில பகுதிகளில் அனுமதிக்கப்படுகிறதாம். அதைக் கேட்டு அலுவலகத்துக்கு அவர் எழுதிய விண்ணப்பத்துக்கு, நாம் ஊர் திரும்பும்வரை விடை வரவில்லை. இப்பணிக்கென 2025இல் அந்நாட்டு அரசு 2½ கோடி பவுண்டு ஒதுக்கிய செய்தியைப் பின்னர் தொலைபேசியில் சொன்னார்.

கேபிளை எடுத்த மூன்றாம் இரவு, ஒரு மணிக்கு மகளுக்கு வலி கண்டது. நாள் கணக்குக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. மருமகன் ஓடிச்சென்று காரைத் திறந்தார். நூற்றுக்கு 9 என்று காட்டிற்று. அவர் நம் முகத்தைப் பார்க்கவில்லை. அது நமக்குத் தைத்தது. வாடகைக் காருக்குக் கைபேசியில் தேடினார். இருபது நிமிடம் ஆகும் என்றது. மருத்துவமனை ஐந்து மைல். 9 என்பது மூன்றரை யூனிட். ஒரு யூனிட்டுக்கு மூன்று மைலுக்குக் குறையாது. போய்ச் சேர்ந்துவிடலாம் என்று வாய்க்குள்ளே கணக்கிட்டார். சூடேற்றியை நிறுத்திவிட்டு வண்டியை எடுத்தார். நம் இல்லாள் தம் சால்வையையும் மகளுக்கே போர்த்தினார். எல்லாத் துஆக்களும் மறந்து, அந்தச் சிறு எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தோம். 8, 7. இரண்டு வலிகளுக்கிடையே மகள் பின்னாலிருந்து, "வாப்பா, உங்க மஸ்அலா நம்மளை நடுரோட்டுலே நிறுத்திடாதே?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு அவளே சிரித்தாள். நமக்குச் சிரிப்பு வரவில்லை.

மருத்துவமனை வாசலில் நின்றபோது 5 என்று காட்டிற்று. அல்ஹம்து லில்லாஹ்.

ஆறு மணிக்குச் சற்றுப் பின் பெண்மகவு பிறந்தது. தந்தையே செவியில் பாங்கு சொன்னார், குரல் நடுங்கிற்று. எட்டு மணியளவில் நாங்கள் இருவரும் வெளியே வந்தோம். வீடுவரை செல்ல மனம் துணியாமல், அக்கம்பக்கத்துத் தெருக்களில் மெல்ல ஊர்ந்து கம்பம் தேடினோம். மூன்றாவது தெருவில், விளிம்போரம் நின்ற விளக்குக் கம்பத்தில் துளைவாய் இருந்தது. முன்னே இடமும் காலியாக இருந்தது. கேபிளைச் செருகினார். குறியைக் கைபேசிக்குக் காட்டினார். இருமுறை மறுத்து, மூன்றாம் முறை சிறு விளக்கின் நிறம் மாறிற்று. கேபிள் கம்பத்திலிருந்து இறங்கி, நடைபாதையைத் தொடாமல் காருக்குள் போயிற்று. தள்ளுவண்டியில் குழந்தையை வைத்துத் தள்ளிக்கொண்டு ஒரு தாய் போனாள். பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகள் கூட்டமாய் ஓடினார்கள். ஒருவரும் கீழே குனிந்து பார்க்கவில்லை.

ஒரு மணி நேரம் நின்றோம். 5 யூனிட் ஏறிற்று. இரண்டரைப் பவுண்டு ஆயிற்று. "வீட்டுலேன்னா அரைப் பவுண்டுதான், மாமா" என்றார் மருமகன், குறையாக அல்ல, கணக்காக. பிறகு கேபிளைக் கழற்றிச் சுருட்டி வண்டியின் பின்புறம் வைத்தார். அங்கே அந்த ரப்பர்ப் பட்டையும் மடித்து வைக்கப்பட்டிருந்தது. அதை அவர் எறிந்துவிடவில்லை. நாமும் ஒன்றும் கேட்கவில்லை.