காலால் திறக்கும் கதவு

நாச்சாரத்தைப் பார்ப்பதற்கென்று யாரும் ஹைதராபாத்துக்கு வருவதில்லை. சார்மினாரும் கோல்கொண்டாவும் நகரத்தின் மறுபக்கம். மெட்ரோ ரயிலின் நீலத் தடத்தில் ஹப்சிகூடாவில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் இடுக்கி உட்கார்ந்து வடகிழக்கே போனால் சற்று நேரத்தில் தொழிற்பேட்டையின் நெடி மூக்கில் ஏறுகிறது. மருந்துக் கம்பெனிகள், பிளாஸ்டிக், தகரம் வெட்டும் பட்டறைகள், தொழிலாளர்களுக்கான இ.எஸ்.ஐ. மருத்துவமனை. என்.டி. ராமராவ் எழுபதுகளில் தொடங்கிய ராமகிருஷ்ணா ஸ்டுடியோவும் இங்கேதான். இவற்றுக்கு நடுவே அடுக்குமாடிகள் முளைத்துவிட்டன.

அப்படிப்பட்ட ஒரு அடுக்குமாடியின் கார் நிறுத்துமிடத்தில் அந்த நடனத்தைப் பார்த்தேன். ஒரு தோளில் தூங்கும் குழந்தை, மறு கையில் அரிசிப் பை. அந்த மனிதர் புத்தம் புதிய காரின் பின்னால் நின்று, பம்பருக்கு அடியில் காலை நீட்டி நீட்டி இழுத்தார். ஒன்றும் நடக்கவில்லை. வாட்ச்மேனின் மகன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். மூன்றாவது முறை 'பீப்' என்றது; விளக்குகள் சிமிட்டின; டிக்கியின் கதவு யானை துதிக்கை தூக்குவது போல் மெல்ல எழுந்தது.

"அண்ணா, உதைக்கக் கூடாது. உள்ளே விட்டு உடனே வெளியே எடுக்கணும்" என்று தெலுங்கில் பாடம் எடுத்தார் பக்கத்து வீட்டு டிரைவர்.

அவர் சொன்னது சரி. பம்பருக்குள் மேலும் கீழுமாக இரண்டு உணர்விகள் ஒளிந்திருக்கின்றன. முழங்காலுக்குக் கீழே உள்ள பகுதியை ஒன்றும் பாதத்தை மற்றொன்றும் அடுத்தடுத்து உணர வேண்டும். கூடவே சாவி பையில் இருக்க வேண்டும். இரண்டும் பொருந்தினால்தான் பூட்டு விடும், மோட்டார் சுழலும். குறுக்கே ஓடும் பூனைக்குத் திறக்காதிருக்கத்தான் இத்தனை ஏற்பாடு. ஆனால் சாவியைப் பையில் வைத்துக்கொண்டு விடியற்காலையில் காரைக் கழுவுகிறவருக்கு இது தெரியாது. தண்ணீர் பீய்ச்சினால் சில சமயம் கதவு தானாகத் திறந்து டிக்கி நனையும். கழுவும்போது சாவியைத் தள்ளி வையுங்கள் என்று கையேடுகளே எச்சரிக்கின்றன.

2012ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த போர்டு எஸ்கேப்தான் இந்த வித்தையைப் பிரபலமாக்கியது. 2016 ஜனவரியில் டெட்ராய்ட் கண்காட்சியில் கிரைஸ்லர் காட்டிய பசிபிகா என்ற குடும்ப வேனில் பக்கவாட்டில் நகரும் கதவுகளும் காலசைவுக்குத் திறந்தன. குழந்தையும் மளிகையுமாக வரும் தாய்மார்களை மனதில் வைத்துச் செய்தது. நமக்குத் தெரிந்த நகரும் கதவு மாருதி வேனுடையது. 1984ல் வந்து, ஆம்னி என்று பெயர் மாறி, 2019ல் உற்பத்தி நின்றது. தமிழ் சினிமாவில் ஆள் கடத்தல் என்றால் அதுதான். அந்தக் கதவை இழுத்துச் சாத்த ஒரு வில்லனின் தோள்வலிமை வேண்டும்! 2020 பிப்ரவரியில் கியா கார்னிவல் மோட்டாரால் நகரும் கதவோடு வந்தது. ஹைதராபாத்திலிருந்து பெங்களூர் போகிறவர்கள் பெனுகொண்டா அருகே அந்தத் தொழிற்சாலையைக் கடந்திருப்பார்கள். 2023ல் புதுப்பிக்கப்பட்ட டாடா ஹாரியர், சபாரி கார்களில் காலசைவு டிக்கி சேர்ந்தது.

காலால் இட்ட வேலையைத் தலையால் செய்வது என்பார்கள். டிக்கிக் கதவு அதைத்தான் செய்கிறது. ஆனாலும் நம்மவர்களுக்குக் காலால் கதவைத் திறப்பதில் ஒரு கூச்சம் உண்டு. வாசற்படியை மிதிக்காமல் தாண்டச் சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம். தெலுங்கு வீடுகளில் அந்தப் படியைக் 'கடப' என்கிறார்கள். மஞ்சள் பூசிக் குங்குமம் வைக்கிறார்கள். அதே வாசலில் புது மருமகள் அரிசி நிறைந்த சொம்பை வலது காலால் மெல்லத் தட்டிவிட்டு உள்ளே வருகிறாள். இடமும் நேரமும் சரியாக இருந்தால் காலுக்கும் மரியாதை உண்டு போலிருக்கிறது. நாச்சாரத்திலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கும் பூதான் போச்சம்பள்ளியில் குழித்தறி நெசவாளர் காலால்தான் இழைகளைப் பிரித்து நாடாவுக்கு வழி விடுகிறார். அதுவும் காலால் திறக்கும் கதவுதான். சாவி மட்டும் தேவையில்லை. 2020 மே மாதம், கொரோனா பயத்தில் யாரும் எதையும் தொடாத நாட்களில், சென்னை மெட்ரோ ரயில் நிறுவனம் கோயம்பேட்டில் லிப்டுக்கே கால் பெடல் வைத்தது.

முதியவர்களுக்கு இந்த டிக்கி ஒத்துவராது என்பது என் அபிப்பிராயம். கையில் சுமையோடு ஒற்றைக் காலில் நிற்க அறுபது வயதில் எத்தனை பேரால் முடியும்? ஹூண்டாய் இதை வேறு மாதிரி யோசித்தது: சாவியோடு காரின் பின்னால் மூன்று நொடி சும்மா நின்றால் போதும். எனக்கு அதுதான் மேல் என்று படுகிறது.

அடுக்குமாடியை விட்டுத் தெருவுக்கு வந்தால் காலுக்கு வேறு வேலை. காரின் கதவும் பம்பரைத் தாங்கும் பிடிகளும் முதலில் வெறும் தகரம். அதை வெட்டி வளைப்பது பவர் பிரஸ். கீழே ஒரு அச்சு, மேலிருந்து இறங்குவது ஒரு அச்சு. சிறிய பட்டறைகளின் பழைய பிரஸ்ஸுகளில் அதை இறக்குவது கால் பெடல். கைகள் இரண்டும் தகரத்தை வைக்கவும் எடுக்கவும் காலியாக இருக்கட்டும் என்பதே நோக்கம். கார் கம்பெனி சொல்கிற அதே காரணம்!

வித்தியாசம் விரலில் தெரியும். ஒரு ஷிப்டில் ஆயிரக்கணக்கான முறை கால் அமுக்குகிறது, கை உள்ளே போய் வருகிறது. ஒரு முறை கால் முந்திவிட்டால், பழைய வகைக் கிளட்ச் கொண்ட பிரஸ்ஸைப் பாதியில் நிறுத்த முடியாது. சுற்று முடிந்தே நிற்கும். குர்காவ்ன், மானேசர் வட்டாரத்தில் கார் பாகங்கள் செய்து காயமடைந்த தொழிலாளர்களுக்கு உதவும் 'சேஃப் இன் இந்தியா' அமைப்பு 2019 முதல் 'கிரஷ்டு' என்ற அறிக்கையை வெளியிட்டு வருகிறது. விரல் இழந்தவர்களின் கணக்குதான் அதன் பொருள். பழி சுமக்கும் இயந்திரங்களில் முதலிடம் பவர் பிரஸ்ஸுக்கு. தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணை இதற்கெல்லாம் விலை குறித்திருந்தது. கட்டைவிரல் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 சதவீத இழப்பு, சுட்டுவிரல் முழுதும் போனால் 14, நடுவிரலுக்கு 12. நாச்சாரம் இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கு எதிரே டீ குடித்துக்கொண்டிருந்தபோது, கை முழுக்கக் கட்டுடன் வந்த ஒரு இளைஞனுக்காக அவன் தாய் ஆட்டோவில் இடம் பிடித்துக்கொண்டிருந்தார். அவனுக்கு என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை.

பரிகாரம் எப்போதோ கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. பெடலைக் கழற்றிவிட்டு, ஒரு கையால் எட்ட முடியாத தூரத்தில் இரண்டு பொத்தான்கள். இரண்டையும் இரு கைகளால் அரை நொடி இடைவெளிக்குள் அமுக்கினால்தான் அச்சு இறங்கும். ஒன்றைக் குச்சி செருகி அமுக்கி வைத்தால் நல்ல பிரஸ் அசையாது. இரு கைகளும் பொத்தானில் இருக்கும்போது அச்சுக்குள் எப்படி இருக்கும்? காரில் கையை விடுவிப்பது வசதி. பிரஸ்ஸில் கையைக் கட்டிப்போடுவதுதான் பாதுகாப்பு. வேகம் குறைகிறது என்பதுதான் முதலாளிகளின் முணுமுணுப்பு.

நாச்சாரத்துப் பட்டறைகளில் எதில் பெடல், எதில் பொத்தான் என்பது தெருவில் போகிறவனுக்குத் தெரியாது. ஷட்டர் பாதி இறங்கியிருக்கிறது. உள்ளேயிருந்து சீரான இடைவெளியில் 'டம்', 'டம்' என்று சத்தம் மட்டும் வருகிறது.