நீக்குவதற்குரிய நியாயம்

லினக்ஸ் கெர்னலுக்கு நெட்வொர்க் டிரைவர் எழுதும் தொழிலைக் கீழ்வேளூரிலிருந்தே செய்துவருகிற எனக்கு, புதிய வரிகளைச் சேர்ப்பதைக் காட்டிலும், இருக்கின்ற வரிகளை நீக்குவதற்கே அதிகப் பிரமாணம் வேண்டும் என்பது நாளாக ஆக உறுதிப்பட்டிருக்கிறது.

ஐபிசெக் முறையில் பாக்கெட்டுகளைச் சங்கேதமாக்கும் பாரத்தைச் சிபியுவிடமிருந்து வாங்கி நெட்வொர்க் கார்டிடமே ஒப்படைக்கும் ஏற்பாடு, ஸ்டெஃபென் கிளாஸெர்ட்டின் பிரயாசையால் 2017 ஜூலையில் வெளியான 4.12 பதிப்பில் கெர்னலுக்குள் வந்தது. இன்டர்ஃபேஸ் இறக்கப்பட்டால் கார்டுக்குள் வைத்த ரகசியச் சாவிகள் என்னாகும் என்ற நியாயமான கவலையால், டிரைவர் எழுதுகிறவர் அந்த நிகழ்ச்சிக்குக் காது கொடுக்கும் ஃபங்ஷன் ஒன்றைத் தாமும் எழுதி, நிகழ்ச்சிகளை அறிவிக்கும் நோட்டிஃபையர் வரிசையில் பதிவு செய்துவிடுவதுண்டு. ஆனால் எக்ஸ்ஃப்ரம் என்னும் மையப் பகுதி, இயந்திரம் பூட் ஆகும்போதே அவ்வரிசையில் இடம்பிடித்து, இன்டர்ஃபேஸ் இறங்கியவுடன் ஒவ்வொரு சாவிக்கும் டிரைவரின் நீக்கும் ஃபங்ஷனைத் தானே அழைத்து முடித்துவிடுவதால், பின்னால் மாட்யூலாக ஏறிய டிரைவரின் முறை வரும்போது துடைப்பதற்கு ஒன்றும் எஞ்சியிராது. தலைமதகை அடைத்த பிறகு வயல்தோறும் மடையடைக்க ஆள் நிறுத்துவதைக் கடைமடைக்காரர் எவரும் ஒப்பமாட்டார்.

இருந்துவிட்டுப் போகட்டுமே என்பாருடன் நான் உடன்படேன். லூப்பேக் உட்பட எந்த இன்டர்ஃபேஸில் எது நிகழ்ந்தாலும், டிரைவர் பதிவு செய்த அந்த ஃபங்ஷன் அழைக்கப்பட்டு, ஆர்டிஎன்எல் என்னும் பொதுப் பூட்டு பிடித்திருக்கும் வேளையிலேயே, இது தன் கார்டா என்று பார்த்துத் திரும்புகிறது. மாட்யூலை இறக்குகையில் பதிவை ரத்து செய்யத் தவறினாலோ, விடுவிக்கப்பட்ட மெமரிக்குள் கெர்னல் புகுந்து இயந்திரமே விழக்கூடும்.

ஆயினும் எல்லாக் காதுகளும் வீண் அல்ல. டனல் முறையில் முழுப் பாக்கெட்டையும் கார்டே கட்டுகின்றபோது, அண்டை இயந்திரத்தின் மேக் முகவரி மாறியதை எவரேனும் அதற்குச் சொல்லியாக வேண்டும். எம்எல்எக்ஸ்5 டிரைவர் அதற்காகவே காது வைத்திருக்கிறது. இன்டர்ஃபேஸ் இறங்கும்போது மையப் பகுதி செய்யும் துடைப்பிலும் ஒரு நிபந்தனை உண்டு: ஈஎஸ்பி ஆஃப்லோடு என்னும் இந்த ஒப்படைப்பு வசதிக்கான கொடி அந்நேரம் கார்டில் ஏற்றப்பட்டிருந்தால்தான் அது நடக்கும். ஈத்டூல் கட்டளையால் அக்கொடியை இறக்கிவிட்டு, பிறகு இன்டர்ஃபேஸை இறக்கிப் பார்க்காமல் ஒரு வரியையும் நான் நீக்குவதில்லை. கார்டு இல்லாதவர்கள் நெட்டெவ்சிம் என்னும் போலிச் சாதனத்தில் மையப் பகுதியின் நடத்தையைச் சோதிக்கலாம்.

இத்துறைக்கு வரும் நம் பிள்ளைகளை நான் வேண்டுவது இது: பேட்ச் அனுப்பும்போது, 'தேவையில்லை' என்று மட்டும் எழுதி நிறுத்தாமல், அவ்வேலையை ஏற்கெனவே செய்கிற ஃபங்ஷன் எது, எந்த நிபந்தனையில் செய்கிறது என்பதையும் கமிட் குறிப்பில் எழுதுங்கள்.