அலை உடையாத இடம்

எங்கள் காலனி திருவாலங்காட்டுப் பக்கம். கடல் பார்க்கணும்னா ரயிலேறி சென்ட்ரலில் இறங்கி மெரினா போகணும். எனக்கு நீச்சல் தெரியாது. அப்பாவுக்கும் தெரியாது. நீச்சல் பழகுகிற கிணறு ஊர்க்காரர் கிணறு. நாங்கள் இறங்கினால் தண்ணி தீட்டு. 1927 மார்ச் 20-ல் அண்ணல் அம்பேத்கர் மகாட் சவுதார் குளத்தில் தண்ணீர் அள்ளிக் குடித்தார். குடிக்கவே அவ்வளவு பெரிய போராட்டம். குளிப்பது எங்கே?

கடலுக்குத் தீட்டு கிடையாது. அதனாலதான் எங்க பசங்க பார்த்ததும் குதிக்கிறானுங்க. பதினேழு வயதில் நானும் இறங்கினேன். இரண்டு பக்கமும் அலை வெள்ளையாக உடைந்தது. நடுவில் ஒரு இடம் மட்டும் அமைதி. பயந்தவன் அங்கேதானே போவான்? இடுப்பளவுத் தண்ணிதான், மறுகணம் காலுக்கடியில் மண் இல்லை. நொச்சிக்குப்பத்து மீனவர் ஒருவர் இழுத்துப் போட்டுவிட்டுத் திட்டினார்: "அல ஒடையாத எடத்துலதாண்டா கடல் திரும்பிப் போவுது!"

அலை கொண்டுவந்து கொட்டுகிற தண்ணீர், மணல்திட்டு தாழ்ந்த இடத்தில் வாய்க்கால் மாதிரி திரும்பிப் பாய்கிறது. அது ஆளைக் கீழே இழுப்பதில்லை, உள்ளே கொண்டுபோகிறது. கரையைப் பார்த்து எதிர்த்து நீந்தினவன்தான் களைத்துச் சாகிறான். மல்லாந்து மிதக்கணும், கை தூக்கிக் கூப்பிடணும். நீந்தத் தெரிந்தவன் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் போய், இழுப்பு விட்டபிறகு திரும்பணும். காப்பாற்றப் போகிறவன் வெறுங்கையோடு பாயக்கூடாது. கயிறோ காலிக் கேனோ வீசணும்.

மிதக்கணும்னு சுலபமா எழுதிட்டேன். எங்கே பழகுவது?

காணும் பொங்கலன்று மெரினாவில் தடுப்புக் கட்டுகிறார்கள். கட்டட்டும், நல்லதுதான். காலனிப் பிள்ளைகள் நீச்சல் பழக ஒரு குளம் வேணும்னு மனு கொடுத்தோம். வாங்கின அதிகாரி கேட்டார்: "அதான் பைப்புல தண்ணி வருதே?"