கூரை வேய்ந்த மைதானம்

நம் பிள்ளைகள் பயிலும் டில்லிப் பள்ளியில் விளையாட்டுக்கும் கலைகளுக்குமாகப் புதியதோர் அரங்கம் எழும்பி வருகிறது. நன்கொடைச் சீட்டு நம்மில் பெரும்பாலோர் இல்லங்களை எட்டியிருக்கும். மாத ஊதியத்தில் வாழும் குடும்பங்களிடம் கேட்பது எளிதன்று. கொடுப்பது அதனினும் எளிதன்று. ஆகவே அவ்வரங்கம் எதற்காக, யாருக்காக என்று நமக்குள் மனம்விட்டுப் பேசிக்கொள்வது தகும்.

திறந்த வெளி இருக்கக் கூரை எதற்கு என்று ஊரிலிருந்து வரும் பெரியவர்கள் வினவுவதுண்டு. சித்திரை வைகாசியின் அனற்காற்றையும் மார்கழி மூடுபனியையும் அவர்கள் அறியார். போதாக்குறைக்குப் புகை வேறு. 2016 நவம்பரில் காற்று நஞ்சாகித் தலைநகரின் பள்ளிகளையே சில நாட்கள் மூட நேர்ந்தது. தீபாவளி கழிந்த வாரங்களில், பிள்ளைகள் வகுப்பறைச் சன்னலோரம் நின்று வெறிச்சோடிய மைதானத்தைப் பார்த்திருப்பதை நாம் கண்டிருக்கிறோம். ஒன்று மட்டும் சொல்லிவிட வேண்டும்: காற்றை வடிகட்டும் கருவிகள் இல்லாத அரங்கம் வெயிலுக்குத்தான் குடை, புகைக்கு அன்று.

வரைபடத்தை நாம் பார்த்தோம். கூடைப்பந்துத் தளம் 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம். அதன்மேலேயே வேறு நிறத்தில் கோடிட்டு இறகுப்பந்தும் ஆடலாம். அதற்கு நீளம் 13.40 மீட்டர், அகலம் 6.10 மீட்டர் போதும். சிக்கல் உயரத்தில்தான். சிக்கனம் கருதிக் கூரையைத் தாழ்த்தினால் இறகு உத்தரத்தில் முட்டி விழும். 9 மீட்டராவது வேண்டும். தரையும் அப்படியே. வெறும் சிமெண்டுத் தளம் குதிக்கும் கால்களுக்குப் பகை. சட்டம் அடித்து மரம் பாவிய தளத்திற்கு விலை அதிகம். எனினும் அங்கே கை சுருக்கலாகாது.

மேடையும் அமைவதால் ஆண்டு விழா, நம் சங்கத்தின் பொங்கல் விழா யாவும் அங்கேயே நடக்கலாம். திருமணங்களுக்கு வாடகைக்கு விட்டால் பராமரிப்புச் செலவும் கிட்டும் என்பது நிர்வாகத்தில் சிலர் கருத்து. கணக்கு என்னவோ சரிதான். ஆனால் அந்த மரத்தளத்தின்மேல் இரும்பு நாற்காலிகளை இழுத்து, சாம்பார் வாளிகளையும் இறக்கியபின் அங்கே எவர் ஆடுவது? முகூர்த்தங்கள் பள்ளி விடுமுறை பார்த்து வருவதில்லை. பயிற்சிக்கு வந்த சிறுமி வாயிலில் வாழைமரத்தைக் கண்டு வீடு திரும்புவாளாயின், நாம் கட்டியது கல்யாண மண்டபமே. இதைப் படிக்கும் சங்கத்துச் செயற்குழு நண்பர்கள் நம்மேல் சினம் கொள்ளாதிருப்பாராக.

சிறுமி என்று எண்ணியேதான் எழுதினோம். ஐந்தாம் வகுப்புவரை மைதானமெங்கும் ஓடித் திரிந்தவள், எட்டாம் வகுப்பில் ஓரத்துத் திண்ணையில் அமர்ந்துவிடுகிறாள். போகாதே என்று எவரும் தடுத்ததில்லை. உடை மாற்ற ஓரிடமில்லை; மைதானத்தையோ பையன்களின் கிரிக்கெட் விழுங்கிவிடுகிறது. மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2018-19 முதல் 9 முதல் 12 வரையுள்ள வகுப்புகளுக்கு உடற்கல்வியைக் கட்டாயமாக்கியது. கால அட்டவணையில் அப்பாடவேளை இருக்கவே செய்கிறது. தேர்வு நெருங்கினால் கணக்காசிரியர் அதை இரவல் வாங்கிக்கொள்கிறார் என்பது வேறு கதை.

பெண்களுக்கு இடம் பிந்தியே கிடைப்பது பள்ளியோடு நின்றதன்று. நாம் சடுகுடு என்று ஆடி வளர்ந்த கபடி, 1982இல் இதே டில்லியில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் காட்சி ஆட்டமாகவே இடம்பெற்றது. 1990இல் பீஜிங்கில் ஆடவர்க்குப் பதக்க ஆட்டமாயிற்று. மகளிர்க்கு அவ்வாய்ப்பு வர 2010 குவாங்சோ வரை இருபது ஆண்டுகள் சென்றன. 2025இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டிகளில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் கபடி அணியில் சென்னைக் கண்ணகி நகரின் கார்த்திகாவும் இருந்தார். நம் வீட்டுப் பெண்கள் அச்செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்த முகங்களை நாமும் பார்த்தோம்.

இனி, நம்மை எழுதத் தூண்டிய செய்தி. முதல் வரைபடத்தில் மேடைக்குப் பின்னே மாணவியருக்கென உடைமாற்றும் அறையும் குளியலறையும் இருந்தன. இரண்டாம் வரைபடத்தில் அவ்விடம் நாற்காலிகள் அடுக்கும் கிடங்காகியிருக்கிறது. கூரை வேலை தொடங்குமுன் பெற்றோர் கூட்டம் கூடவிருக்கிறது. அந்த அறையை மீட்டுத் தருமாறு தாய்மார் சிலர் விண்ணப்பம் எழுதியிருக்கின்றனர், நாமும் கையொப்பமிட்டோம். வருகின்ற அன்பர்கள் அலுவலகத்தில் இரண்டு வரைபடங்களையும் கேட்டு வாங்கி, அருகருகே விரித்துப் பார்த்துவிட்டுக் கூட்டத்தில் அமர்க.