ஆவுளியா மீன் இல்லை!

 

காலாண்டுத் தேர்வில் முதுகெலும்புள்ள விலங்குகளின் ஐந்து வகுப்புகளுக்கும் எடுத்துக்காட்டு கேட்டிருந்தார்கள். இருவாழ்விக்குத் தவளை, ஊர்வனவுக்கு ஓணான், பறவைக்குக் கொக்கு, பாலூட்டிக்கு ஆடு என்று எழுதினேன். மீனுக்கு மட்டும் பெருமையாக ஆவுளியா (கடல்பசு) என்று எழுதினேன். நம்ம கடல்ல இருக்கிறதாச்சே! டீச்சர் சிவப்பு மையால் சுழித்துவிட்டார்.

"திருக்கைனு எழுதியிருந்தாக்கூட மார்க் போட்டிருப்பேனே" என்றார். திருக்கைக்கு எலும்பே கிடையாது, எல்லாம் குருத்தெலும்பு. அது மீனாம், ஆவுளியா மீன் இல்லையாம்! எனக்குக் கோபம் வந்தது.

"ஆவுளியா வாலை எப்படி ஆட்டும்னு உங்க அப்பாகிட்ட கேட்டுட்டு வா" என்றார் டீச்சர்.

அப்பா சிரித்தார். "மீனு பக்கவாட்டுல ஆட்டும். ஆவுளியா மேலயும் கீழயும்தான் அடிக்கும். கிட்ட வந்தா மூச்சு விடுற சத்தமே கேக்கும்டா."

மறுநாள் டீச்சர் விளக்கினார். மீனின் முதுகெலும்பு பக்கவாட்டில் வளையும். பாலூட்டியின் முதுகெலும்பு மேலும் கீழும் நன்றாக வளையும். நாய் பாய்ந்து ஓடும்போது கவனித்துப் பாருங்கள். ஆவுளியாவுக்குச் செவுள் இல்லை, நுரையீரல்தான். மீனுக்கு இதயத்தில் 2 அறைகள், ஆவுளியாவுக்கு நம்மைப் போல 4. துடுப்புக்குள் ஐந்து விரல் எலும்புகள் இருக்கின்றன. கழுத்தில் நமக்கும் 7 எலும்பு, ஒட்டகச்சிவிங்கிக்கும் 7, ஆவுளியாவுக்கும் 7!

விடுமுறையில் அப்பாவோடு படகில் போனேன். விடியற்காலையில் திருக்கை வலையில் ஏதோ கனமாக இழுத்தது. ஆவுளியா! அப்போதுதான் மாட்டியிருக்க வேண்டும், உயிர் இருந்தது. மேலே வர முடியாவிட்டால் கொஞ்ச நேரத்தில் மூச்சு முட்டிச் செத்துவிடும். அப்பா கத்தியை எடுத்து வலையை அறுக்க ஆரம்பித்தார்.

உண்மையைச் சொல்கிறேன். எனக்கு வலை வீணாகிறதே என்றுதான் இருந்தது. அந்த வாரம் சைக்கிளுக்கு டயர் வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தார். வலை கிழிந்தால் டயர் எங்கே? "அப்பா, வலை..." என்றேன். "அது புள்ளைக்குப் பால் குடுக்குற சாதிடா. சும்மா இரு" என்றார். அது மேலே வந்து புஸ்ஸென்று மூச்சு விட்டது. எனக்கு வெட்கமாகிவிட்டது.

ஆவுளியா ஒரு வருஷத்துக்கு மேல் வயிற்றில் சுமந்து ஒரே ஒரு குட்டி போடும். அடுத்த குட்டிக்குச் சில வருஷங்கள் ஆகும். அதனால் ஒன்று செத்தாலும் பெரிய இழப்பு. 2022 செப்டம்பரில் தமிழக அரசு பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது.

மூன்று நாள் அப்பாவோடு உட்கார்ந்து வலை பொத்தினேன். சைக்கிள் இன்னும் பழைய டயரில்தான் ஓடுது. பரவாயில்லை.

அரையாண்டில் அதே கேள்வி வரட்டும். மீனுக்கு நெத்திலி, பாலூட்டிக்கு ஆவுளியா!

இப்படிக்கு,
9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்