ஜப்தி, ஏலம், வாரண்ட்... ஒரு மிரட்டலுக்குள் எத்தனை மொழி!

"அக்கா, சாயங்காலத்துக்குள்ள கட்டலைன்னா வீட்டையும் தறியையும் ஜப்தி பண்ணி ஏலம் விட்டுடுவாங்க. அப்புறம் உங்க பேர்ல வாரண்ட் வரும். பார்த்துக்கோங்க!"

ஆரணிப் பட்டு நெய்யும் சந்தவாசல் பக்கத்துத் தறி வீடு ஒன்றுக்கு, குழுக் கடன் தவணை தள்ளிப்போன வாரத்தில் இப்படி ஒரு போன் வந்தால் என்ன ஆகும்? கூலி இன்னும் கைக்கு வந்திருக்காது. பாவு பாதியில் நிற்கும். போனை வைத்த பிறகும் ஜப்தி, ஏலம், வாரண்ட் என்ற மூன்று சொற்களும் வீட்டுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். பாதி புரிந்து பாதி புரியாமல் இருப்பதால்தான் அவை அவ்வளவு பெரிதாகத் தெரிகின்றன.

அந்த மூன்றில் ஒன்றுகூட தமிழ் இல்லை. 'ஜப்தி' அரபுச் சொல்; பாரசீகம், உருது வழியாக வந்தது. வசூல், ஜாமீன், கைது எல்லாமே அந்த வழியில் வந்தவைதான். சந்தவாசலுக்கு ஆற்காடு ரொம்ப தூரமில்லை. நவாப் காலத்து வரி வசூல் மொழி இந்தப் பக்கத்துப் பேச்சில் ஒட்டிக்கொண்டதில் ஆச்சரியமும் இல்லை. 'வாரண்ட்' ஆங்கிலம் என்பது எல்லோருக்கும் தெரியும்.

'ஏலம்'தான் வேடிக்கை. அது போர்ச்சுகீசியர்களின் 'லெய்லாவ்'. அவர்களே அதை அரபியிலிருந்து எடுத்தவர்கள்! போர்ச்சுகீசியர்கள் தமிழுக்குக் கொடுத்துவிட்டுப் போன சொற்களில் சாவி, ஜன்னல், அலமாரி, மேசை என்று வீட்டுச் சாமான்கள் நிறைய. அந்தச் சாமான்களை எல்லாம் தெருவுக்குக் கொண்டுவரும் சொல்லையும் கூடவே கொடுத்திருக்கிறார்கள்.

மிரட்டலுக்கு அவர்கள் மொழியில் 'அமெயாசா' என்று பெயர். ஆங்கிலத்தின் 'மெனஸ்' இதற்கு லத்தீன் வழிச் சொந்தம். 'பிளாக்மெயில்' என்றதும் ஏதோ மொட்டைக் கடிதம் என்று தோன்றும். ஆனால், அதிலுள்ள 'மெயில்' தபால் அல்ல, கப்பம். ஸ்காட்லாந்து எல்லைப்பக்கம் கொள்ளைக்காரர்கள், 'எங்களுக்குக் கட்டினால் உன் மாட்டைத் தொட மாட்டோம்' என்று வாங்கிய பணம் அது. அதற்குப் போர்ச்சுகீசியத்தில் 'ஷான்டாஜெம்'. பிரெஞ்சிலிருந்து வந்தது; வேர்ப்பொருள் 'பாட வைப்பது'. நம்ம 'மிரட்டு' இவை எல்லாவற்றையும்விட நேர்மையான சொல். மிரள வைப்பது, அவ்வளவுதான். புது ஆளைக் கண்ட மாடு மிரளுமே, அதே மிரட்சி. மிரண்ட மாடு யோசிக்காது, ஓடும்.

போர்ச்சுகீசியத்தில் 'அவீசோ' என்று இன்னொரு சொல் உண்டு. அறிவிப்பு, எச்சரிக்கை என்று பொருள். அமெயாசாவும் அவீசோவும் வேறு வேறு. ஆங்கிலத்தில் திரெட் வேறு, நோட்டீஸ் வேறு. முறையான நோட்டீஸில் அனுப்பியவர் பெயர் இருக்கும், காரணம் இருக்கும், பதில் சொல்ல அவகாசம் இருக்கும். மிரட்டலில் இருப்பது 'சாயங்காலத்துக்குள்ள' மட்டும்தான்.

இப்போது அந்த போனுக்கு வருவோம். ரிசர்வ் வங்கியின் 2022 விதிப்படி, ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய் வரை உள்ள குடும்பத்துக்குத் தரப்படும் நுண்கடன் அடமானம் இல்லாத கடன். வசூலுக்கு வருபவர் தன் இஷ்டத்துக்கு எதையும் ஜப்தி செய்ய முடியாது. கோர்ட்டுக்குப் போய், கேஸ் நடந்து, தீர்ப்பு வந்த பிறகுதான் அந்தப் பேச்சே. அப்போதும் 1908-ம் ஆண்டு சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-வது பிரிவு, கைவினைஞரின் தொழில் கருவிகளை ஜப்தி செய்யக் கூடாது என்கிறது. நெசவாளருக்குத் தறியைவிட வேறென்ன கருவி?

வாரண்ட்டும் அப்படித்தான். தவணை தவறியது போலீஸ் கேஸ் இல்லை. பணம் கட்டச் சொல்லி சிவில் கோர்ட் தீர்ப்பே வந்திருந்தாலும், அதை நிறைவேற்ற ஒரு பெண்ணைக் கைது செய்யக் கூடாது என்று அதே சட்டத்தின் 56-வது பிரிவு சொல்கிறது. குழுக் கடன்களில் கையெழுத்துப் போடுவது பெரும்பாலும் பெண்கள்தான். இந்த ஒரு வரியை அவர்களிடம் யாரும் சொல்வதில்லை என்பதுதான் கொடுமை.

கடன் கடன்தான், கட்டத்தான் வேண்டும். ஆனால், நுண்கடன் வசூலுக்குக் காலை 9 மணிக்கு முன்போ மாலை 6 மணிக்குப் பிறகோ போன் செய்யக் கூடாது. மிரட்டியோ கெட்ட வார்த்தையிலோ பேசக் கூடாது. சொந்தக்காரர்களைத் தொந்தரவு செய்யக் கூடாது. மீறினால் முதலில் கடன் கொடுத்த நிறுவனத்திலேயே எழுத்தில் புகார் தரலாம். 30 நாளில் சரியான பதில் வரவில்லை என்றால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது.

மிரட்டலுக்கே தனிப் பிரிவும் உண்டு. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 351-வது பிரிவு. பழைய ஆட்கள் '506' என்று சொல்வார்களே, அதன் புது எண். இரண்டு ஆண்டு வரை சிறை. கொலை மிரட்டல் என்றால் ஏழு ஆண்டு வரை. பேரை மறைத்துக்கொண்டு மிரட்டினால் அதற்குத் தனியாக இரண்டு ஆண்டு வரை.

அடுத்த முறை போன் வந்தால் அந்த அக்கா கேட்க வேண்டியது இவ்வளவுதான்: "தம்பி, எந்த கோர்ட்டு, கேஸ் நம்பர் என்ன, உங்க பேர் என்ன? எழுதி அனுப்புங்க."