மாமன் மடி

மோரேயில் எங்கள் வீட்டுக் காலை விறகுப் புகையும் கருவாட்டு நெடியும் இட்லி ஆவியும் கலந்த வாசனையோடு விடியும். மூங்கில் தட்டிச் சுவர், மேலே தகரம். மழை நாளில் அந்தத் தகரம் போடுகிற சத்தத்தில் அப்பத்தா கூப்பிடுவது காதில் விழாது. விழவில்லை என்று சொல்லிக்கொண்டு இன்னும் கொஞ்சம் தூங்கலாம். அப்பத்தா அடுப்படியில் குந்தியிருந்து ராமநாதபுரத்துத் தமிழில் அம்மாவை ஏவிக்கொண்டும், வேலிக்கு அந்தப் பக்கம் கூடையோடு போகிற சந்தைக்காரிகளிடம் பர்மியில் விலை பேசிக்கொண்டும் மொகிங்கா மீன்குழம்புக்கு வாழைத்தண்டு நறுக்குவாள். கொஞ்ச தூரம் நடந்தால் எல்லை; தாண்டினால் பர்மாவின் தமு. எங்கள் பக்கத்துப் பெரிய ஊரான இம்பாலுக்கோ மலைப்பாதையில் 110 கிலோமீட்டர் போக வேண்டும்.

தமிழர்கள் இந்த மணிப்பூர் மூலைக்கு எப்படிப் போனார்கள் என்று கேட்பீர்கள். 1962இல் நெ வின் பர்மாவின் ஆட்சியைப் பிடித்தார். பிறகு கடை கண்ணிகளெல்லாம் அரசாங்கத்துக்குப் போயின. 1964இல் 50 கியாட், 100 கியாட் நோட்டுகள் செல்லாமல் ஆயின. நம் ஆட்களைக் கப்பலேற்றிச் சென்னைக்கு அனுப்பினார்கள். வந்த இடத்தில் மனசு ஒட்டாத சிலர், பிறந்த மண்ணுக்கே நடந்து போய்விடலாம் என்று ரயிலேறி, பஸ்ஸேறி இந்தக் கோடிக்கு வந்தார்கள். பர்மாப் பட்டாளம் மறித்தது. திரும்பிப் போகக் காசும் இல்லை, தெம்பும் இல்லை. மறித்த இடத்துக்குப் பக்கத்திலேயே குடிசை போட்டார்கள். அப்பத்தாவுக்கு அந்தத் தடம் புதிதல்ல. 1942இல் ஜப்பான்காரன் வந்தபோது கைப்பிள்ளையோடு தமு வழியாகத்தான் நடந்து வெளியேறினாளாம். சண்டை ஓய்ந்ததும் மறுபடி பர்மாவுக்கே போனவள் அவள்.

பாப்பா எங்களிடம் வந்தது ஒரு மழைக்காலத்தில். அவளைப் பெற்றவள் தமுப் பக்கத்திலிருந்து கீரையும் மூங்கில் குருத்தும் கொண்டுவந்து விற்பாள். மழை பிடித்தால் எங்கள் திண்ணையில் ஒதுங்குவாள். ஒருநாள் அங்கேயே குளிர்காய்ச்சலில் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. அப்பா அக்கரைக்கு ஆள் விட்டு விசாரித்தார். பிள்ளைக்கு உரிமை சொல்லி ஒருவரும் வரவில்லை. இரண்டு வயது இருக்கலாம். கன்னத்தில் அவள் அம்மா பூசிவிட்ட தனக்காச் சாந்து காய்ந்து வெடித்திருந்தது. அப்பத்தா அதைத் துடைக்கவில்லை. மறுநாள் தானே கல்லில் கட்டையை உரைத்துப் புதிதாகப் பூசிவிட்டு, கூடவே என் பழைய அரைஞாணையும் கட்டிவிட்டாள். அத்தோடு அவள் எங்கள் வீட்டுப் பிள்ளை.

ஊருக்கு அது அவ்வளவு லேசாக இருக்கவில்லை. தெருக்குழாயடியில் அம்மா குடத்தை வைத்ததும் பேச்சு நிற்கும். நாலடி தள்ளி வந்ததும் தொடங்கும். "நம்மளத் துரத்துனவன் ரத்தம்ல. நாளைக்குப் பெருசானா அந்தப் பக்கந்தான் ஓடும்." சின்னப் பிள்ளைகளை அவளோடு விளையாட விடமாட்டார்கள். குலதெய்வத்துக்கு யார் பதில் சொல்வது என்று ஒரு கிழவி வாசலில் நின்றே கேட்டுவிட்டுப் போனாள். உன் முகம் இந்த ஊர் முகமில்லை என்று சொல்லப்பட்டு, கட்டின துணியோடு கப்பலேறின சனம் அது. அவர்கள் வலி எனக்குத் தெரியும், அதைக் கேட்டுத்தான் வளர்ந்தேன். ஆனாலும் கீரைக்காரி பெற்ற பிள்ளைக்கும் அந்தக் கப்பலுக்கும் என்ன சம்பந்தம் என்று அன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை, இன்றைக்கும் விளங்கவில்லை.

எனக்கு அப்போது எட்டோ ஒன்பதோ. தின்கிற சோறுதான் ரத்தமாகிறது என்று வாத்தியார் சொல்லியிருந்தார். அதைப் பிடித்துக்கொண்டேன். என் பங்கு இட்லியில் பாதி, ரசஞ்சோற்றில் பாதி, அப்பா வாங்கிவரும் மிக்சரில் பொறுக்கின கடலை என்று எல்லாவற்றையும் பாப்பாவுக்கு ஊட்டினேன். போதுமான அளவு இட்லி உள்ளே போய்விட்டால் ரத்தம் மாறிவிடும், மூக்கு அம்மா மூக்கு மாதிரி ஆகிவிடும், குழாயடிப் பேச்சும் நின்றுவிடும் என்பது என் கணக்கு. தினமும் அப்பாவின் சவரக் கண்ணாடியை எடுத்து அவள் முகத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பேன். அவள் கண்ணாடியை நக்குவாள். மூக்கு அப்படியே இருந்தது. கன்னம் மட்டும் பணியாரம் போல உப்பியது.

எல்லாரையும்விட முறுக்கிக்கொண்டவர் அம்மாவின் அண்ணன். மாமாவுக்குப் பர்மாவில் துணிக்கடை இருந்ததாம். அவர் வீட்டுத் தகரப்பெட்டியின் அடியில், பாச்சை உருண்டை வாசனையோடு, செல்லாத நோட்டுக்கட்டு ஒன்று துணியில் பொதிந்து இருந்தது. பாப்பாவுக்குக் காதுகுத்து என்று அப்பாவும் அம்மாவும் வெற்றிலை பாக்கோடு போய் அழைத்தபோது அவர் அந்தக் கட்டைத்தான் எடுத்துப் பாயில் போட்டார். "இதுக்குப் பதில் சொல்லிட்டு எம் மடியில உக்கார வையி."

கூடப் போயிருந்த அப்பத்தா நோட்டுகளைத் தொடவில்லை. "இது செல்லாதுன்னு சொன்னவன் ரங்கூன்ல கெடக்கான். அவன்கிட்டப் போயிக் கேளுப்பா. பால்குடி மறக்காத பிள்ளைகிட்டயா கேக்குற?" என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டாள். அம்மா வழியெல்லாம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள். அண்ணன் வராமல் தங்கச்சி வீட்டில் ஒரு காரியம் நடப்பது என்றால் அவளுக்கு எப்படி இருந்திருக்கும்!

காதுகுத்து அன்று வாசலில் கோலம், வாழைக்கன்று, பச்சரிசியும் வெல்லமும் கலந்த தாம்பாளம். ஆசாரி ஊசியைத் தீயில் காட்டிக்கொண்டே, "மாமன் யாருப்பா? வந்து உக்காருங்க" என்றார். யாரும் அசையவில்லை. பக்கத்து வீட்டு மெய்தி அம்மாவும் எதிர்வீட்டுக் குக்கிக் குடும்பமும், என்ன தாமதம் என்று விளங்காமல் எங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பலகையில் போய் உட்கார்ந்து மடியைத் தட்டினேன். அண்ணன்காரன் எப்படி மாமனாக முடியும் என்று ஒருவர் ஆரம்பித்தார். "இன்னைக்கு ஆவான்" என்றாள் அப்பத்தா. பாப்பா கனத்த கனம். ஊட்டின இட்லியெல்லாம் என் தொடையில் உட்கார்ந்தது. முதல் காதுக்கு வீரிட்டாள். இரண்டாவதற்கு என் புறங்கையைக் கடித்தாள். எச்சிலும் பல்தடமுமாக அந்தக் கையை வாரம் முழுக்கப் பள்ளிக்கூடத்தில் எல்லாருக்கும் காட்டினேன்.

பந்தியில் பாதி இலை காலி. வந்தவர்களிலும் சிலர் வெற்றிலை மட்டும் எடுத்துக்கொண்டு நழுவினார்கள். அண்டா நிறையப் பாயசம் மீந்துவிட்டது. அம்மா அதைப் பார்த்துப் பார்த்து மாய்ந்து போனாள். எங்களுக்கோ கொண்டாட்டம். மறுநாளும் அடுப்பில் வைத்துச் சுடவைத்து, பின்கட்டில் உட்கார்ந்து, வராத ஆள் ஒவ்வொருவர் பேரையும் சொல்லி ஒவ்வொரு தம்ளராகக் குடித்தோம். குழாயடிக்காரம்மா பங்கு எனக்கு, வாசல் கிழவி பங்கும் எனக்கு. மாமா பங்கை மட்டும் யாருக்கும் தரமாட்டேன் என்று பாப்பா இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அடியில் கிடந்த முந்திரியைக்கூட விரலை விட்டு வழித்துத் தின்றுவிட்டுத்தான் தம்ளரைக் கீழே வைத்தாள்.